எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

போன மாதம் ஒரு படிவம் வந்தது. மதுரையைச் சுற்றி ஒருநாள் புகைப்பட நடை, அதில் சேர விரும்புகிறவர்கள் நிரப்பித் தர வேண்டியது. பெயர், வயது, என்ன கேமரா, என்னென்ன லென்ஸ், காலையில் இட்லியா பொங்கலா என்பது வரை மளமளவென்று நிரப்பிவிட்டேன். ஏழாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. ‘உங்கள் நிலை என்ன?’ என்று கேட்டு மூன்று கட்டங்கள் போட்டிருந்தார்கள். தொடக்கநிலை, இடைநிலை, தேர்ச்சி பெற்றவர். ஏதாவது ஒன்றில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நான் அடிக்கவில்லை. படிவத்தை அப்படியே விட்டுவிட்டுப் பத்து நாள் வேறு வேலை பார்த்தேன்.

இதே கேள்விக்கு 2018-ல் ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘தேர்ச்சி பெற்றவர்’ என்று அடித்திருக்கிறேன். அப்போது கேமரா வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இப்போது பத்து வருடம் தாண்டிவிட்டது. படங்கள் அன்றைக்கு வந்ததைவிட நன்றாகத்தான் வருகின்றன. ஆனாலும் அந்த மூன்றாவது கட்டத்தைத் தொட மனம் வரவில்லை. இதை அடக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் ஒரு காரியத்தை ஆசை ஆசையாகச் செய்துவிட்டு, அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை என்பது என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மற்ற விஷயங்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. டைப்ரைட்டிங் படித்தவர் லோயர் முடித்தாரா ஹையர் முடித்தாரா என்று சொல்லிவிடலாம். செஸ் ஆடுகிறவருக்கு ரேட்டிங் இருக்கிறது, தோற்றால் குறையும். பாட்டு கற்கும் பிள்ளை வர்ணம் தாண்டிக் கீர்த்தனைக்கு வந்துவிட்டது என்றால் எல்லோருக்கும் புரியும். சுருதி விலகினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே கேட்டுவிடும். புகைப்படத்தில் அப்படி எதுவும் தானாகக் காட்டிக்கொடுப்பதில்லை. பாதி வேலையைக் கேமராவே செய்துவிடுகிறது. ஃபோகஸ் அது பிடிக்கும், வெளிச்சத்தை அது அளக்கும். நாம் அழுத்தினால் ஏதோ ஒரு படம் வந்துதான் தீரும். பத்தாயிரம் முறை அழுத்தினால் அதில் நாலு படம் அருமையாகவும் இருக்கும். அந்த நாலு படம் யாருடையது என்பதுதான் கேள்வி. என்னுடையதா, கேமராவுடையதா, அன்றைய வெளிச்சத்துடையதா?

மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். கேட்டிருக்கிறேன். வீட்டில் காட்டினால் ‘நல்லாருக்கு’ என்பார்கள். இன்ஸ்டாகிராமில் போட்டால் இதயங்கள் விழும். உள்ளங்கை அகலத் திரையில், விரலால் தள்ளிக்கொண்டே போகிற நேரத்தில், சூரிய அஸ்தமனம் எப்போதும் ஜெயிக்கும். அதைப் பார்த்து என் நிலையைக் கணக்கிட்டதுதான் நான் செய்த முதல் தவறு. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நம் படத்தை நாமே பார்ப்பது

என் கணினியில் ஒரு யானைமலைப் படம் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் ஒத்தக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாறையைத் தொட்டுத் தொட்டு ஏறி, உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது எடுத்தது. கீழே வயலும் தென்னந்தோப்பும் பனிமூட்டத்துக்குள் கிடந்தன. பல வருடம் அதுதான் என் சிறந்த படம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அலுவலக நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘இது எந்த இடம், ஒண்ணும் தெரியலையே’ என்றார். கோபம் வந்தது. அவர் போனபிறகு மறுபடி திறந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு, நடுவில் கொஞ்சம் கறுப்புத் திட்டு. அவ்வளவுதான் அதில் இருந்தது. காலில் பாறையின் குளிர், வேர்வை காய்ந்த சட்டை, கீழே எங்கோ கூவிய சேவல் எல்லாம் எனக்கு மட்டும் தெரிந்தன. அவருக்குத் தெரிய வழியில்லை, அவை படத்துக்குள் இல்லை.

இந்த ஆபத்தைப் பெரியவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை உடனே கழுவமாட்டார். ஒரு வருடம்கூடக் கிடப்பில் போடுவார். எடுத்த அன்றைக்கு மனம் எப்படி இருந்தது என்பது மறந்தால்தான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது அவர் எண்ணம். 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ஃபிலிம் சுருள்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. சுருளுக்கு 36 படம் என்று வைத்தாலும் 90,000 படம், எடுத்தவரே பார்க்காதவை. அந்த அளவுக்குப் போவது நமக்குத் தேவையில்லை. ஆனால் எடுத்து முடித்துவிட்டுத் திரும்புகிற பேருந்திலேயே அஞ்சு ஸ்டார் போடுகிற பழக்கத்தை அவரைப் பற்றிப் படித்தபிறகு விட்டுவிட்டேன். இப்போது மூன்று மாதம் கழித்துத்தான் லைட்ரூம் என்கிற படத் தொகுப்பு மென்பொருளில் ஸ்டார் போடுகிறேன். போடும்போது அநேகமாக எண்ணிக்கை பாதியாகிவிடுகிறது.

அப்புறம், எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் டன்னிங்–க்ரூகர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டன்னிங், க்ரூகர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வு 1999-ல் வந்தது. நகைச்சுவை, தர்க்கம், ஆங்கில இலக்கணம் ஆகியவற்றில் சோதனை வைத்தார்கள். கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் உண்மையான இடம், நூறு பேரில் பன்னிரண்டு பேரை மட்டும் முந்திய இடம். அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதோ அறுபத்திரண்டு பேரை முந்தியதாக. இதை எல்லோரும் அடுத்தவரைத் திட்டுவதற்குத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு பகுதி. தர்க்கத்தில் பின்தங்கியவர்களுக்குக் கொஞ்ச நேரம் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி கேட்டபோது, தங்களைப் பற்றிய அவர்களின் கணிப்பு கீழே இறங்கியது. கற்றுக்கொண்டார்கள், அதனால் தங்கள் தவறு தங்கள் கண்ணுக்கே தெரிந்தது. 2018-ல் என்னால் டிக் அடிக்க முடிந்ததற்கும் இப்போது முடியாததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். அன்றைக்குக் கோணலான அடிவானம் என் கண்ணுக்குக் கோணலாகத் தெரியவில்லை, அதனால் என் படத்தில் குறையும் இல்லை.

கோவில்பட்டி மண்டபம்

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது எந்த ஆய்வும் இல்லை. 2019 ஆவணியில் என் சித்தி மகள் கல்யாணம். கோவில்பட்டியில் மண்டபம். முறையாக ஸ்டுடியோக்காரர் வைத்திருந்தார்கள். இருந்தாலும் சித்தி ஒரு வாரம் முன்பே என்னைக் கூப்பிட்டு, ‘தம்பி, நீயும் கேமராவக் கொண்டு வந்துரு, கெட்டிமேளம் நேரத்துல நீயும் ஒண்ணு எடு’ என்று சொல்லியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. 50 எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு போனேன். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, 1.8-ல் அகலமாகத் திறந்துவைத்துவிட்டால் பின்னணி எல்லாம் பஞ்சுபோலக் கரைந்துவிடும், ஆளை மட்டும் எடுத்துக்காட்டும். அந்தக் கரைசல்தான் அப்போது எனக்குக் கலை.

விடிகாலை நாலரைக்கு மணமகள் அறையில் ஒரு படம் கிடைத்தது. ஆச்சி, பேத்தியின் ஜடையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு மேலே ஒரே ஒரு பல்பு. ஆச்சியின் வாயில் ஹேர்பின், விரல் நடுங்குகிறது, பெண் கண்ணை மூடியிருக்கிறாள். அந்தப் படம் இன்றைக்கும் சித்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதை எடுத்ததும் என் உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்டுடியோ அண்ணனை அப்போது ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அவர் மேடையில் காலி நாற்காலிகளைப் போட்டு, உதவிக்கு வந்த இரண்டு பையன்களை உட்காரவைத்து, ஃப்ளாஷ் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத மேடையில் என்ன எடுக்கிறார் என்று நினைத்தேன். நான் உள்ளே ஆச்சியை எடுத்துக்கொண்டிருக்கிறேன், இவர் நாற்காலியை எடுத்துக்கொண்டிருக்கிறாரே என்றும் நினைத்தேன். அந்த நினைப்பை நான் மறக்கவில்லை.

முகூர்த்தம் வந்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம். நான் மணமேடைக்கு வலப்பக்கம், இரண்டு மீட்டர் தூரத்தில் மண்டியிட்டிருந்தேன். விரலை எடுக்காமல் அழுத்தினேன். நாலு நொடியில் பதினான்கு படம். அட்சதை மழைபோல விழுந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போட்டு முடித்ததும் திரையில் பார்த்தேன். முதல் ஆறு படத்திலும் மாப்பிள்ளையின் மாலை கூர்மையாக இருந்தது. சம்பங்கியின் இதழ் நுனி வரைக்கும் எண்ணிவிடலாம். அதற்குப் பின்னால் தாலி பிடித்த கைகளும் தங்கச்சியின் முகமும் கரைந்துகிடந்தன. ஏழாவதிலிருந்து ஒரு மாமாவின் அட்சதைக் கை குறுக்கே. கடைசி மூன்றில் ஃபோகஸ் எங்கேயும் இல்லை. பறந்த அரிசி ஒன்றை அது பிடிக்கப் பார்த்திருக்கிறது. பதினான்கில் ஒன்றுகூட இல்லை. என் கை சில்லிட்டுவிட்டது. திரும்ப எடுக்கவும் முடியாது, அந்தத் தாலி ஒருமுறைதான் கட்டப்படும்.

பந்தி ஆரம்பித்தபிறகு ஸ்டுடியோ அண்ணன் மேடையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் போய் என் படங்களைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. பதினான்கையும் நிதானமாகத் தள்ளிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ‘தம்பி, லென்ஸ எவ்வளவுல வச்சிருந்தீங்க?’ என்றார். சொன்னேன். ‘மாலைக்கும் முகத்துக்கும் நடுவுல ஒரு சாண் இருக்குல்ல’ என்றார். அவ்வளவுதான். அப்புறம் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேமராவில் 50 எம்எம் லென்ஸ், 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 12 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே. அதே லென்ஸின் துவாரத்தை 5.6-க்குச் சுருக்கி வைத்திருந்தால் முக்கால் முழம் கிடைத்திருக்கும். மாலை, கை, தாலி, முகம் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். இந்த எண்கள் எனக்கு முன்பே தெரியும். பரீட்சை வைத்திருந்தால் எழுதியிருப்பேன். அந்த மேடையில், அந்த மாலைக்கு முன்னால், அவை என் கைக்கு வரவில்லை.

அவர் தன் படத்தைக் காட்டினார். அதில் கலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் இருந்தது. மாப்பிள்ளையின் விரல், மஞ்சள் கயிறு, பெண்ணின் குனிந்த முகம், பின்னால் விளக்குப் பிடித்த சிறுமி, ஓரத்தில் சித்தி வாயில் முந்தானையைப் பொத்தியபடி. வேட்டி வெள்ளையாகவே இருந்தது. என் படங்களில் அது சாம்பலாக இருந்தது. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும், மேடை முழுக்க வெள்ளை வேட்டி என்றால் அதற்கு ஏற்ப வெளிச்சத்தை நாம்தான் ஏற்றிவைக்க வேண்டும். விடிகாலையிலேயே அந்தப் பையன்களில் ஒருவனுக்கு வெள்ளைத் துண்டைப் போர்த்தி அதைச் சரிபார்த்திருக்கிறார். ஐயரிடம் போய், ‘தாலிய எல்லாருக்கும் காட்டும்போது ஒரு மூச்சு நில்லுங்க சாமி’ என்று சொல்லிவைத்திருக்கிறார். விளக்குப் பிடிக்கிற சிறுமியை அரை அடி தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். அட்சதை போடுகிற கைகள் முன்வரிசையிலிருந்துதான் குறுக்கே வரும் என்பதால் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றிருக்கிறார். நான் பார்த்த காலி நாற்காலிதான் அந்தப் படம்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று கேட்டார். ‘தம்பி, இந்தப் பதினாலுல எது நல்லா வந்திருக்கும்னு ஸ்க்ரீனப் பாக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதா?’ எனக்குத் தெரியவில்லை. நன்றாக வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ‘ஆச்சி படம்?’ என்றார், அதையும் பார்த்திருந்தார். அதுவும் தெரியாது என்பதை அந்த நேரத்தில்தான் உணர்ந்தேன். நல்லது நடந்தபோதும் நான் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், கெட்டது நடந்தபோதும் திரையைப் பார்த்துத்தான். இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே இருந்தேன்? அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, ‘சாப்பிட்டீங்களா, ரெண்டாவது பந்தி உக்காருதாங்க’ என்று சொல்லி வயரைச் சுற்றப் போய்விட்டார்.

அந்த ஒருநாளில் நான் எடுத்தது 870 படம். அதில் ஆச்சி படம் ஒன்று. அந்த ஒன்றை வைத்துத்தான் அதுவரை என்னைப் பற்றிக் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு சதம் அடித்தவரை அதற்காகவே யாரும் அணியில் வைத்துக்கொண்டிருப்பதில்லை, சராசரியைக் கேட்பார்கள். ஆனால் அமெச்சூர்களான நமக்கு நம் சராசரியைக் கேட்க ஆளில்லை. மோசமான படத்தை யாருக்கும் காட்டுவதில்லை. மற்றவர்களுக்குக் காட்டாமல் இருந்து இருந்து நாமே அதை மறந்துவிடுகிறோம். பணம் வாங்கிக்கொண்டு எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. கெட்டிமேளம் படம் வரவில்லை என்றால் பெண்ணின் அப்பாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முப்பத்தாறு

அண்ணன் கேட்ட கேள்வியையே ஒரு பயிற்சியாக மாற்றிக்கொண்டேன். கேமராவின் பின்திரையை மூடிவிடுவது, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாக மட்டும் பார்ப்பது, படம் எடுத்ததும் திரை தானாகக் காட்டுவதையும் நிறுத்திவிடுவது. ஒரு நடைக்கு 36 படம்தான், ஒரு சுருள் கணக்கு. ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் சட்டைப்பை நோட்டில் எழுத வேண்டும். ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கும், வெளிச்சம் கூடவா குறைவா, ஓரத்தில் தேவையில்லாமல் என்ன நுழைந்திருக்கும், நான் நினைத்த அசைவு அகப்பட்டதா. நன்றாக வந்திருக்கும் என்று எழுத வேண்டும் என்றில்லை. கெட்டுப்போயிருக்கும் என்றும் எழுதலாம். வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்து, எழுதியதும் வந்ததும் ஒத்துப்போனால் ஒரு மதிப்பெண்.

முதல்முறை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். விடியும் முன்னரே அங்கே ஈரச் சாக்கும் மல்லி வாசமுமாக இருக்கும், தராசுத் தட்டில் பூ விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பெரியவர் மல்லியைக் கைப்பிடியாக அள்ளித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பூ அந்தரத்தில் நிற்க வேண்டும் என்று ஷட்டர் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு மட்டும் திறக்கும்படி 1/500-ல் வைத்தேன். நோட்டில், ‘பூ நிற்கும், வெளிச்சம் சரி’ என்று எழுதினேன். வீட்டில் பார்த்தால் பூ நின்றிருந்தது. ஆனால் அடுத்தடுத்து எடுத்த நாலு படத்தில் இரண்டு இருட்டு, ஒன்றில் பாதிப்படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மண்டையைக் குடைந்தது. கடை விளக்குதான் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடியும் டியூப்லைட்டும் நொடிக்கு நூறுமுறை மின்னி மின்னி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் 1/100-க்கு மேல் வேகமானால் அந்த மின்னலின் ஏதோ ஒரு துண்டுதான் நமக்குக் கிடைக்கும். நாலு வருடமாக அந்த மார்க்கெட்டுக்குப் போகிறேன். அந்த இருட்டுப் படங்களை எல்லாம் ஏதோ தவறு என்று நினைத்து அழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முன்கூட்டி எழுதிவைத்ததால்தான் ஏன் என்று கேட்கத் தோன்றியது. அன்றைக்கு 36-க்கு 9 வாங்கினேன்.

அமெரிக்க இயற்கைக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் பற்றி நான் முன்பே படித்திருந்த ஒரு சம்பவம் அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. 1927 ஏப்ரல், யோசெமிட்டி, ஹாஃப் டோம் என்கிற மாபெரும் பாறைக்கு எதிரே நிற்கிறார். வயது 25. ஃபிலிமுக்குப் பதிலாகச் சுமந்துபோன கண்ணாடித் தட்டுகளில் மிச்சம் இரண்டு. ஒன்றை, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வண்ணக் கண்ணாடியான ஃபில்டரில் மஞ்சளைப் போட்டு எடுத்துவிட்டார். எடுத்து முடித்ததும், பிரிண்டில் அந்த வானம் எப்படி வரும் என்று மனதுக்குள் பார்த்தார். வெளிறிப்போய் வரும், பாறையின் கனம் அதில் இருக்காது. கடைசித் தட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு, வானத்து நீலத்தைத் தடுத்துவிடும், வானம் கறுப்பாகும். அப்படியேதான் வந்தது. திரையும் கிடையாது, அங்கே கழுவிப் பார்க்கவும் வழியில்லை. மஞ்சள் ஃபில்டர் படம் சரிவராது என்று அவருக்கு மலைமேலேயே தெரிந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோவில்பட்டி அண்ணன் வெள்ளைத் துண்டு போர்த்திப் பார்த்ததும் இதே குணம்தான். ஒருவர் உலகம் அறிந்தவர், இன்னொருவர் ஆவணி, தை முகூர்த்தங்களில் தூக்கம் இல்லாதவர்.

நான் வருடத்துக்கு ஆறேழு முறையாவது அந்த 36 பயிற்சியைச் செய்கிறேன். 9, 11, 10, 16 என்று போனது. கொரோனா வந்து ஒரு வருடம் நின்றது, திரும்ப ஆரம்பித்தபோது 12-க்கு இறங்கியிருந்தது. போன தீபாவளிக்கு முன் 23. இதை எல்லோருக்கும் பொருந்தும் அளவுகோல் என்று சொல்ல வரவில்லை. பறவை எடுக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, கூந்தன்குளத்தில் கொக்கு எப்போது பறக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் கொக்கு போய்விடும் என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் எனக்கு முதல்முறையாக என் கையில் ஒரு எண் இருந்தது, அதை நானே எனக்குப் பொய் சொல்லி ஏற்றிக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். லண்டனில் 1853-ல் தொடங்கிய ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி தருகிற முதல்படி விருதுக்குப் பத்துப் படம் அனுப்ப வேண்டும். எந்தப் பத்து, எந்த வரிசை என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டும். பத்தும் சேர்ந்து நிற்க வேண்டும். நான் அனுப்பவில்லை, பத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் உட்கார்ந்தேன். நாற்பதாயிரம் படத்திலிருந்து பத்து எடுப்பது ஒரு மாலைநேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. நாலு படம் உடனே கிடைத்தன. ஐந்தாவதும் ஆறாவதும் கஷ்டப்பட்டுக் கிடைத்தன. ஏழாவதுக்கு யானைமலையை உள்ளே வைத்துவிட்டு வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன். லேபில் படத்துக்கு நாலு ரூபாய்போலக் கொடுத்து நாற்பது சின்னப் பிரிண்ட் போட்டு வீட்டுத் தரையில் பரப்பினேன். திரையில் ஒளிவிட்ட சில படங்கள் காகிதத்தில் உயிரில்லாமல் கிடந்தன, அப்படியே அட்டைப்பெட்டியில் போட்டேன். ஆச்சி மட்டும் தரையிலும் ஆச்சியாக இருந்தாள். என்னிடம் இன்றைக்கும் பத்து இல்லை, ஆறுதான் இருக்கிறது.

காதுகுத்து

2022 வைகாசியில் அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும். குலதெய்வம் கோயில், ஊருக்கு வெளியே காட்டுக்குள். பெரிய ஆலமரத்தடி. இந்தத் தடவை ஸ்டுடியோக்காரர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். நான் போனதும் கேமராவை எடுக்கவில்லை. ஆசாரியைத் தேடிப் போய், எந்தப் பக்கம் நின்று குத்துவீர்கள், முதலில் எந்தக் காது என்று கேட்டேன். வலது காது, இடப்பக்கம் நிற்கமாட்டேன் என்றார். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்காரும் இடத்தில் ஒரு பித்தளைச் செம்பை வைத்துப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது, காற்றடித்தால் இடம் மாறியது. 5.6 வைத்தேன். ஒரு மணை மேல் ஏறிக்கொண்டேன்.

ஆசாரி தங்கக் கம்பியைக் காதில் ஏற்றினார். பிள்ளை ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்தான், அப்புறம்தான் வாய் திறந்தது. மூன்றே படம். திரையைப் பார்க்காமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: மாமனின் விரலும் காதும் கூர்மை, வாய் திறந்த கணம் இரண்டாவது படத்தில், சந்தனம் பூசிய மொட்டையில் வெயில் பட்ட இடம் வெளுத்துப்போயிருக்கும். திறந்து பார்த்தேன். இரண்டாவது படம், விரல் கூர்மை, வாய் திறந்திருக்கிறது, மொட்டையின் உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு, வெளிச்சம் அளவு மீறியதைக் காட்டக் கேமராத் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக மின்னிக்கொண்டிருந்தது. நான் சொன்ன இடத்திலேயே இருந்தது. கெட்டுப்போன ஒன்றைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

காது இரண்டாயிற்றே. ஆசாரி அடுத்த கம்பியை எடுப்பதற்குள், ‘மாமா, அப்படியே ஒரு சாண் இந்தப் பக்கம் திரும்புங்க’ என்றேன். அத்தையிடம் துண்டை விரித்து மேலே பிடிக்கச் சொன்னேன். நிழல் தலைமேல் விழுந்தது. இரண்டாவது காதின் படத்தில் மொட்டையின் சந்தனம் கோடு கோடாகத் தெரிகிறது, எதுவும் வெளுக்கவில்லை, எல்லாம் நான் நினைத்த இடத்தில் இருக்கிறது.

தங்கச்சிக்கு இரண்டையும் அனுப்பினேன். அவள் பிரிண்ட் போடச் சொன்னது முதல் காது. ‘அண்ணே, இதுல ஆச்சி இருக்கால்ல’ என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், பிள்ளையின் முகம் கோணுகிற அதே கணத்தில், ஆச்சியின் முகமும் அதேபோலக் கோணியிருக்கிறது, வெற்றிலைக் கை நெஞ்சில். என் கணக்கில் ஆச்சி இல்லை. நான் சொன்ன மூன்றில் அவள் வரவில்லை. அந்த வருடம் மார்கழியில் ஆச்சி போய்ச் சேர்ந்தாள். அவளுடைய கடைசிப் படம் அதுதான், வெள்ளைத் திட்டோடு.

படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் இரவு திறந்தேன். இடைநிலையில் டிக் அடித்தேன், அடுத்த பக்கம் திறந்தது. கடைசியில் ‘எதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். மரத்தடி வெயில், அப்புறம் படத்தின் ஓரங்கள், என்று எழுதி அனுப்பிவிட்டேன்.